தட்டுக்கு 38 வினாடி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒருவரின் கிட்டங்கிக்கு நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வெள்ளை விளக்குப் பலகை மேல் ஒரு தட்டு, அதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிய நானூறு காய், மேலே ஒரு கேமரா. படம் எடுத்தால் ஒவ்வொரு காயின் அகலத்தையும் அளந்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் எத்தனை சதவீதம், ஏழிலிருந்து எட்டு வரை எத்தனை என்று சொல்ல வேண்டும். ஏலக்காயில் விலை அளவையும் நிறத்தையும் பார்த்துத்தான் விழும். இந்தப் பக்கம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் நடக்கிறது. சாம்பிள் கைக்கு வந்ததும் இந்தச் சதவீதம் தெரிந்தால், விலை கேட்பவருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

புரோகிராமைப் பைதான் மொழியில் எழுதினேன். படத்தைக் கையாள ஓப்பன்சிவி, எண் அடுக்குகளுக்கு நம்பை. இரண்டும் நூலகங்கள், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்தக் குறியீட்டுத் தொகுப்புகள். இரண்டையும் பைதானில் கூப்பிட்டாலும், உள்ளே ஓடுவது சி, சி++ மொழிகளில் எழுதி, பிராசஸர் நேரடியாக ஓட்டும் வடிவுக்குத் தொகுத்த குறியீடுதான். கணக்கு சரியாக வந்தது. ஆனால் கிட்டங்கியில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு தட்டுக்கு 38 வினாடி ஆனது.

"தம்பி, அக்கா சல்லடையில போட்டு சலிச்சே எடுத்துட்டாங்க. உங்க மெஷின் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு" என்றார் முதலாளி. அக்கா என்றது கிட்டங்கியில் காய் பொறுக்குபவரை. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குக் கூடுதலாக உறைத்தது.

பைதான் மெதுவான மொழி, சி++ வேகமான மொழி என்பதுதான் எல்லோரையும் போல எனக்கும் முதலில் தோன்றியது. எண் வைத்துப் பேசலாம் என்று, பைதானோடு கூடவே வரும் சி-புரொஃபைல் கருவியை ஓட்டினேன். எந்த ஃபங்ஷனில், அதாவது பெயர் வைத்த குறியீட்டுத் துண்டில், எவ்வளவு நேரம் போகிறது என்று அது சொல்லும். 2006இல் வந்த பைதான் 2.5 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதை வைத்து ஓட்டியபோது மொத்தம் 44 வினாடி ஆனது. அதில் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அளக்கும் என்னுடைய பைதான் ஃபங்ஷன், தான் கூப்பிட்டவற்றின் நேரம் போகத் தன் சொந்தக் கணக்கிலேயே 14 வினாடி. காயின் ஓரத்தைப் பிடிக்கும் ஓப்பன்சிவி ஃபங்ஷனுக்கு 14. அகலம் கணக்கிடும் என் சின்ன ஃபங்ஷன் முப்பது லட்சம் தடவை ஓடி 9. எண் வகையை மாற்றும் நம்பை ஃபங்ஷனுக்கு 6. மிச்சம் ஒரு வினாடி படத்தைத் திறக்கவும் மங்கலாக்கவும் பிரிக்கவும்.

இதைப் பார்த்து நான் போட்ட கணக்கு இதுதான். 14ம் 9ம் 23. பாதிக்கு மேல் நான் எழுதிய பைதானில் போகிறது. ஓப்பன்சிவி ஏற்கெனவே சி++, அதில் இனிப் பிழிய ஒன்றுமில்லை. ஆக, அகலம் கணக்கிடும் பகுதியைச் சி++க்கு மாற்றுவோம். சி++ குறியீட்டைப் பைதானிலிருந்து கூப்பிட உதவும் பைபைண்ட்11 வைத்து எழுதி, தொகுத்து, பைதானோடு இணைத்து, பிழை நீக்கி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. ஓட்டிப் பார்த்தால் 35 வினாடி. மூன்றே வினாடி குறைந்திருந்தது.

ஒன்பது வினாடி என்று காட்டிய ஃபங்ஷனை முழுக்க ஒழித்துக்கட்டியும் மூன்றுதான் குறைந்தது என்றால், மற்ற ஆறு எங்கே போனது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் புரோகிராமில் நேரம் எங்கே போகிறது என்று அளக்கும் புரொஃபைலிங் என்பதையே நான் ஒழுங்காகக் கற்றேன்.

அந்த ஆறு வினாடி உண்மையில் எப்போதும் இருந்ததே இல்லை. சி-புரொஃபைல் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் நின்று குறிப்பு எழுதுகிறது. அந்தக் குறிப்பு எழுதவும் நேரமாகும். முப்பது லட்சம் அழைப்பு என்றால் முப்பது லட்சம் குறிப்பு. ஆனால் சி நூலகத்துக்குள் போய்விட்டால், அங்கே எத்தனை ஆயிரம் ஃபங்ஷன் ஓடினாலும் வாசலில் எழுதும் ஒரே குறிப்போடு சரி. அதனால் சின்னச் சின்ன பைதான் ஃபங்ஷன்கள் இருப்பதைவிடப் பெருத்துத் தெரியும், சி பகுதி இளைத்துத் தெரியும். இரண்டு மொழி கலந்த குறியீட்டில் இந்தக் கோணல் சின்ன விஷயம் இல்லை. 38க்கும் 44க்கும் உள்ள அந்த ஆறு வினாடி வித்தியாசத்தை நான் முதல் நாளே கண்ணால் பார்த்தேன், கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் புரொஃபைலர் இல்லாமல் ஒருமுறை, வைத்து ஒருமுறை ஓட்டி, இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் மேற்கொண்டு எதையும் படிக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்த 14 வினாடி. என் ஃபங்ஷனின் சொந்தக் கணக்கு என்று காட்டியதே, அது.

என் அம்மா பல வருடம் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். விடியற்காலையில் ஜீப் ஏறினால் போடிமெட்டு வளைவுகள் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார், பொழுது சாயத்தான் திரும்புவார். வீட்டில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் போன நேரமும் வந்த நேரமும்தான். அங்கே காய் பறித்தாரா, களை வெட்டினாரா, மழைக்கு ஒதுங்கி நின்றாரா, ஒன்றும் தெரியாது. சி-புரொஃபைலுக்கும் சி நூலகத்தைப் பற்றி இவ்வளவுதான் தெரியும். போனதும் வந்ததும்.

அதுவாவது தெரிகிறதே என்றால், சில பயணங்களுக்கு அதுகூட இல்லை. ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் சி-புரொஃபைல் குறிப்பு எழுதும். கூட்டல், கழித்தல், இரண்டும் சமமா என்று பார்க்கும் '==' போன்ற குறிகளைப் போட்டால் அது பார்வைக்கு ஃபங்ஷன் அழைப்பு இல்லை, பதிவேட்டில் ஏறாது. ஆனால் நம்பை அடுக்கின் மேல் '==' போட்டால் கட்டுப்பாடு அப்படியே சி பக்கம் போகிறது, கோடிக்கணக்கான எண்களை ஒப்பிட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த நேரம் முழுக்க அந்த வரி இருக்கும் பைதான் ஃபங்ஷனின் சொந்தச் செலவாக எழுதப்படும். என் 14 வினாடி அப்படிப்பட்டது. பைதான் என்று நான் பழி போட்டது பைதானே இல்லை.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவை இரண்டு கருவிகள்.

ஒன்று ஸ்கேலீன். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் எமரி பெர்ஜரின் குழு உருவாக்கியது. வரிக்கு வரி, பைதானில் எவ்வளவு நேரம், தொகுத்த குறியீட்டில் எவ்வளவு நேரம் என்று பிரித்துக் காட்டும். பிரிக்கும் வித்தை எனக்கு ரொம்பப் பிடித்தது. குறிப்பிட்ட இடைவெளியில் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் அனுப்புகிறது. பைதான் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் பதில் உடனே வரும். சி பக்கம் போயிருந்தால், கட்டுப்பாடு பைதானுக்குத் திரும்பிய பிறகுதான் பதில் வரும். அந்தத் தாமதத்தை வைத்தே அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிட்டுவிடுகிறது. அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்த புதிதில் இப்படித்தான். தோட்டத்தில் டவர் கிடைக்காது. மதியம் அனுப்பிய மெசேஜுக்கு, ஜீப் மெட்டுக்கு வந்து சிக்னல் எடுத்ததும் பதில் வரும். பதில் எவ்வளவு தள்ளி வருகிறது என்பதை வைத்து எவ்வளவு நேரம் மேலே இருந்தார் என்று நான் சொல்லிவிடுவேன்.

ஸ்கேலீன் என் ஃபங்ஷனில் ஒரே ஒரு வரியைத் தூக்கிக் காட்டியது. லேபிள் அடுக்கு '==' காயின் எண், அவ்வளவுதான் அந்த வரி. லேபிள் அடுக்கு என்பது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்தக் காயைச் சேர்ந்தது என்ற எண்கள். அதில் பைதான் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, முழுக்கத் தொகுத்த குறியீடு.

இன்னொன்று பை-ஸ்பை. பென் ஃபிரெடெரிக்சன் ரஸ்ட் மொழியில் எழுதியது. சும்மா விட்டால் வினாடிக்கு நூறு முறை புரோகிராமை எட்டிப் பார்த்து, இந்த நொடி எந்த ஃபங்ஷனுக்குள் எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு அழைப்பிலும் கை வைப்பதில்லை என்பதால் அந்தப் பெருத்த கணக்குத் தொல்லை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே, அதன் எண்ணைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் அப்படி ஒட்ட நிர்வாகி அனுமதி கேட்கும், பை-ஸ்பையே புரோகிராமைத் தொடங்கி வைத்தால் பெரும்பாலும் கேட்காது. கலப்புக் குறியீட்டுக்காரர்கள் மறக்கக் கூடாதது அதன் நேட்டிவ் என்ற விருப்பம். அதைப் போட்டால் பைதான் ஃபங்ஷன்களுக்குக் கீழேயே சி, சி++ ஃபங்ஷன்களும் ஒரே படத்தில் அடுக்காக வரும். போடாவிட்டால் இதுவும் வாசலோடு நின்றுவிடும். சில நூலகங்கள் ஃபங்ஷன் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடப்படுகின்றன. அப்போது பெயருக்குப் பதில் வெறும் முகவரி எண்கள் தெரியும். எந்த நூலகக் கோப்பு என்றாவது தெரியுமே, பல சமயம் அதுவே போதும்.

பை-ஸ்பை தரும் தீப்பிழம்புப் படத்தை, அதாவது ஃபிளேம் கிராஃபை, முதல் தடவை பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இடமிருந்து வலம் போவது கடிகாரம் இல்லை. அகலம்தான் நேரம். எந்தப் பட்டை அகலமோ அங்கே நேரம் போகிறது. அந்த வடிவத்தை 2011இல் பிரெண்டன் கிரெக் கொண்டுவந்தார். நான் முதலில் இடது ஓரத்திலிருந்து கதை போல வாசித்து அரை நாளை வீணாக்கினேன்.

படத்தில் இரண்டு அகலமான பட்டைகள். ஒன்று நம்பையின் ஒப்பிடும் பகுதி, மற்றொன்று ஓப்பன்சிவியின் ஓரம் பிடிக்கும் பகுதி. அப்போதுதான் சி-புரொஃபைல் முதல் நாளே காட்டியிருந்த ஒரு எண் எனக்குக் கண்ணில் பட்டது. ஓரம் பிடிக்கும் ஃபங்ஷன் 400 அழைப்புக்கு 14 வினாடி. அழைப்புக்கு 35 மில்லிவினாடி. ஒரு ஏலக்காய் படத்தில் குறுக்கே எண்பது புள்ளி, நெடுக்கே நூற்றெண்பது புள்ளி இருக்கும். இத்தனூண்டு காயின் ஓரத்தைச் சுற்றி வர 35 மில்லிவினாடியா?

சி++ இவ்வளவு நேரம் எடுக்கிறதென்றால், சி++ மெதுவாக இல்லை. நான் அதற்குக் கொடுத்த வேலை பெரிது.

குறியீட்டைத் திறந்து பார்த்தேன். படம் 4000க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். காய்களைப் பிரித்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் அது எந்தக் காயைச் சேர்ந்தது என்று ஒரு எண் கிடைக்கும். பிறகு ஒவ்வொரு காய்க்கும் நான் செய்தது: முழுப் படத்திலும் இந்த எண் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஒப்பிடு, வந்த முழு அளவு விடையை எண் வகை மாற்று, அந்த முழு அளவு படத்தில் ஓரத்தைத் தேடு. நானூறு காய்க்கு நானூறு முறை. ஒப்பிடுதல் மட்டும் 480 கோடி. ஒவ்வொரு எண்ணும் நாலு பைட் என்பதால், ஒரு காய்க்கு 48 மெகாபைட்டைப் படித்து 12 மெகாபைட்டை எழுதுகிறது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகமான கேஷில் அடங்காத அளவு, ஒவ்வொரு முறையும் வெளியே இருக்கும் முதன்மை நினைவகம் வரை போய் வர வேண்டும். பைதானில் அது ஒரே வரி. பார்க்க அழகாக, கணிதம் போல இருக்கும். ஒரு வரி ஒரு வேலை என்று கண் ஏமாந்துவிடுகிறது.

திருத்தம் மூன்று வரி. காய்களைப் பிரிக்கும் ஓப்பன்சிவி ஃபங்ஷனுக்கே இன்னொரு வடிவம் உண்டு. அது ஒவ்வொரு காயும் எந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிறது, இடது ஓரம், மேல் ஓரம், அகலம், உயரம் என்று அட்டவணையாகவும் கொடுக்கும். அந்தச் சின்னச் செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுத்து அதற்குள் ஒப்பிட்டால் போதும். நம்பையில் இப்படி வெட்டுவது நகல் எடுப்பதில்லை, அதே நினைவகத்தை இன்னொரு சட்டம் வழியாகப் பார்ப்பதுதான். அதனால் வெட்டுவதற்கும் செலவில்லை.

35 வினாடி 1.2 வினாடியானது. எங்கோ காய்களை விட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய விடையையும் புதிய விடையையும் காய்க்குக் காய் ஒப்பிட்டேன். நானூறும் அப்படியே ஒத்துப்போயின. வேகப்படுத்தும் வேலையில் இறங்குகிறவர்கள் பழைய விடைகளை ஒரு கோப்பில் சேமித்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விடை தவறினால் வேகத்தை வைத்து என்ன செய்வது.

மறுநாள் கிட்டங்கியில் ஓட்டிக் காட்டினேன். காய் பொறுக்கும் அக்கா சொளகைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். அப்படி என்னதான் மாற்றினாய் என்று முதலாளி கேட்டார். நான் சொல்லச் சொல்ல அக்கா குறுக்கே பேசினார்.

"அப்ப இத்தன நாளும், ஒவ்வொரு காய எடுக்கவும் மூட்டைய முழுசாக் கொட்டிக் கொட்டி அள்ளிருக்கு. அப்படித்தான?"

அப்படியேதான். இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பதினோரு நாள் சி++ பகுதியையும் பிறகு எடுத்துவிட்டேன். ஓரப் புள்ளிகளைச் சுற்றி மிகச் சிறிய சாய்ந்த செவ்வகம் போடும் ஃபங்ஷன் ஓப்பன்சிவியிலேயே இருக்கிறது. அதன் குறுகிய பக்கம்தான் எனக்கு வேண்டிய அகலம். ஐம்பது காய்களை வெர்னியர் காலிப்பரில் அளந்து ஒப்பிட்டேன், நான் எழுதிய கணக்குக்கும் அதற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சொந்தமாகத் தொகுத்த துண்டு ஒன்று இருந்தால் பைதான் பதிப்பு மாறும்போதெல்லாம் மறுபடி தொகுக்க வேண்டும். கிட்டங்கியில் உட்கார்ந்து அதைச் செய்ய ஆள் கிடையாது. சி++ எழுதக் கிளம்பும் முன், அதே வேலையை ஏற்கெனவே நிறுவியிருக்கும் நூலகம் செய்யுமா என்று தேடுவது அரை மணி நேர வேலைதான்.

அப்புறம் இரண்டு சிக்கல் வந்தது, இரண்டும் வேறு மாதிரி.

சேர்த்து வைத்த 200 படங்களை ஒரே மூச்சில் அளக்க, பிராசஸரில் நாலு கோர் இருக்கிறதே என்று, தனித்தனியாக ஓடும் நாலு புராசஸாகப் பிரித்துவிட்டேன். எதிர்பார்த்த வேகம் வரவில்லை, 130 வினாடி ஆனது. பை-ஸ்பையில் புராசஸ் ஒன்றைப் பார்த்தால் அதற்குள் பல த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள். படத்தை மங்கலாக்குவது போன்ற வேலைகளை ஓப்பன்சிவி தானாகவே கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நாலு புராசஸ், ஒவ்வொன்றிலும் நாலு த்ரெட், நாலே கோருக்குப் பதினாறு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு புராசஸின் தொடக்கத்திலும் ஓப்பன்சிவியின் த்ரெட் எண்ணிக்கையை ஒன்று என்று வைத்ததும் 90 வினாடிக்கு வந்தது. நம்பையின் அணிப் பெருக்கல்களிலும் இதே கதைதான், அங்கே ஓபன்பிளாஸ் போன்ற நூலகம் த்ரெட்களை எழுப்பும். அதைச் சூழல் மாறி, அதாவது புரோகிராமுக்கு வெளியே வைக்கும் ஒரு அமைப்பு, வழியாக நம்பை ஏறும் முன்பே கட்டுப்படுத்த வேண்டும்.

இன்னொன்று, பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள் தட்டுக்குப் பத்து வினாடி ஆகிறது என்று போன் வந்தது. பை-ஸ்பையில் ஒன்றும் தெரியவில்லை. காரணம், அது சும்மா காத்திருக்கும் த்ரெட்களை வழக்கமாகக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஐடில் என்ற விருப்பத்தைப் போட வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் போகாமல் லினக்ஸின் டைம் கட்டளையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. கடிகார நேரம் பத்து வினாடி, பிராசஸர் உழைத்த நேரம் ஒன்றரை வினாடி. அப்படியென்றால் மீதி நேரம் எதற்கோ காத்திருக்கிறது. படங்கள் மெமரி கார்டிலிருந்து வராமல், யாரோ மாற்றி வைத்ததில் வைஃபை வழியாக வேறொரு கம்ப்யூட்டரின் கோப்புறையிலிருந்து வந்துகொண்டிருந்தன. குறியீட்டில் கை வைக்கவே தேவைப்படவில்லை. இப்போது எந்தப் புரொஃபைலரைத் திறக்கும் முன்னும் அந்த டைம் கட்டளையைத்தான் முதலில் போடுகிறேன். கடிகார நேரம் கூடுதலா, உழைத்த நேரம் கூடுதலா என்று பார்த்தாலே எந்தத் திசையில் தேடுவது என்று தெரிந்துவிடும். உழைத்த நேரம் கடிகார நேரத்தைவிடக் கூடினால், பல த்ரெட்கள் சேர்ந்து ஓடுகின்றன என்று பொருள்.

இயங்குதளத்தின் உள்மையமான கர்னல் வரைக்கும் இறங்கிப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் பெர்ஃப் என்ற புரொஃபைலர் இருக்கிறது. முன்பெல்லாம் அதில் பைதான் ஃபங்ஷன்களின் பெயர் தெரியாது, எல்லாம் பைதானை ஓட்டும் இன்டர்பிரட்டரின் ஒரே ஃபங்ஷனாகக் குவிந்து கிடக்கும். 2023இல் வந்த பைதான் 3.12இலிருந்து, பெர்ஃப் என்ற விருப்பத்தோடு பைதானைத் தொடங்கினால் பைதான் பெயர்களும் சேர்ந்து தெரிகின்றன. எனக்கு இந்த வேலையில் அது தேவைப்படவில்லை.

இப்போது தட்டுக்கு 1.2 வினாடியில் பெரும் பங்கு படத்தைத் திறந்து மங்கலாக்கிப் பிரிப்பதற்குப் போகிறது. படத்தைப் பாதியாகச் சுருக்கினால் அதையும் குறைக்கலாம். ஆனால் இப்போது ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் புள்ளி இருக்கிறது, அது ஐந்தாகிவிடும். 7.9க்கும் 8க்கும் நடுவில் நிற்கும் காய்களின் கணக்கு ஆட்டம் காணும். அதில் கை வைக்கவில்லை. ஒரு தட்டை எடுத்துவிட்டு, அடுத்த தட்டின் காய்களை ஒட்டாமல் விலக்கி வைக்க அக்காவுக்கே ஒரு நிமிடம் ஆகிறது.